கம்பூசியா என்றால் எந்தக் கம்பூசியா?

கொஞ்ச நாளாக ஒரு விஷயம் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கம்பூசியா மீனைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இரண்டு கட்சிதான். கொசுப்புழுவைத் தின்னும் மீன், கிணற்றிலும் தொட்டியிலும் விட்டால் காய்ச்சல் குறையும், இதைவிட நல்ல மீன் எது என்று ஒரு கட்சி. போன நாட்டிலெல்லாம் அங்கிருந்த சொந்த மீனையும் தலைப்பிரட்டையையும் தின்று தீர்த்த மீன், இதைவிடக் கெட்ட மீன் எது என்று இன்னொரு கட்சி. நான் ரொம்ப காலம் இரண்டாவது கட்சியில் இருந்தவன், இன்றைக்கும் கொசுவுக்காக இதைக் கொண்டுபோய்க் குளத்தில் விடாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு கம்பூசியா இனம் இரண்டு ஆண், ஒரு பெண் என்று மூன்றே மூன்று மீனாகச் சுருங்கி, அந்த மூன்றிலிருந்து மறுபடி பெருகி வந்த கதையைப் படித்ததிலிருந்து எந்தக் கட்சியிலும் மனம் ஒட்டவில்லை. ஏனென்றால் அந்த மீனை அழிவின் ஓரத்துக்குத் தள்ளியதில் பெரும் பங்கு இன்னொரு கம்பூசியாவுக்கு. நல்லதா கெட்டதா என்று கேட்கும் முன்னால் எது என்று கேட்டிருக்க வேண்டும், அதை யாருமே கேட்பதில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

கம்பூசியா ஒரு பேரினம். ஃபெலிப்பே போய் என்ற க்யூபா நாட்டு இயற்கையாளர் 1854ல் அதை வகுத்தார். தொட்டிகளில் வளர்க்கும் கப்பி, மோலி, பிளாட்டி இருக்கும் அதே குடும்பம். நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு, அமெரிக்காவின் தென்பகுதி, மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள் என்று பரவிக் கிடக்கின்றன. இவற்றில் மனிதன் கையோடு உலகம் சுற்றியவை இரண்டே இரண்டு, மேற்குப் பக்கத்து அஃபினிஸும் கிழக்குப் பக்கத்து ஹோல்புரூக்கியும். 1980களின் கடைசி வரை இந்த இரண்டையும்கூட ஒரே இனத்தின் இரண்டு கிளைகளாகத்தான் பெரும்பாலும் கணக்கு வைத்திருந்தார்கள், அதனால் பழைய ஆவணத்தில் அஃபினிஸ் என்று பார்த்தால் உண்மையில் எது போனது என்று யோசிக்க வேண்டியிருக்கும். மீதி இனங்களின் பெயர்கூட நம் காதில் விழுந்திருக்காது. அவற்றில் சில, உலகத்திலேயே ஒரே ஒரு ஊற்றில் மட்டும் இருப்பவை, இருந்தவை.

தனியாக இருந்த பெண் மீன்

கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து உலகம் சுற்றிய இந்த மீனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சட்டென்று கண்ணை இழுக்கிற எதுவும் இதில் இல்லை. உடம்பு சாம்பல் கலந்த பச்சை, வயிறு வெளுப்பு, செதில் விளிம்புகளில் மெல்லிய கருமை, வெளிச்சம் ஒருக்களித்துப் பட்டால் விலாவில் ஒரு நீலம் வந்து மறையும், அவ்வளவுதான். ஆண் நாலு சென்டிமீட்டரைத் தொடுவதே அதிகம், பெண் ஆறு, ஏழு வரை வளரும். தலை மேலே தட்டையாக இருக்கும், வாய் மேல் நோக்கித் திறக்கும். நீரின் மேல்மட்டத்துக்கு ஒரு நூல் கீழே நின்று, அங்கே வந்து தொங்கும் எதையும் கொத்துவதற்கென்றே செய்த வாய். நீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் அதே வாய்தான் கைகொடுக்கும், காற்றோடு ஒட்டியிருக்கும் மேல் படலத்து நீரை மட்டும் இழுத்து மூச்சு விட்டுக்கொள்ளும். ஆணின் அடித்துடுப்பு நீண்டு குச்சி மாதிரி ஆகியிருக்கும், கொனோபோடியம் என்பார்கள். நீந்தும்போது பின்னால் மடங்கிக் கிடக்கும், பெண்ணுக்குப் பின்னால் வந்ததும் ஒரு கணத்தில் முன்னால் திரும்பும். பார்த்துக்கொண்டே இருந்தால்கூட அந்தக் கணத்தைத் தவறவிட்டுவிடுவோம்.

சில மீன்களை ஒரு தொட்டியில் கொஞ்ச காலம் வைத்துப் பார்த்திருக்கிறேன், அந்தத் தண்ணீர் எந்த ஓடைக்கும் போகாத இடத்தில். ஆண்கள் ஒரு பெண்ணை விடாமல் துரத்திக்கொண்டே இருந்தன, அது இரை எடுக்கக்கூட முடியாமல் மூலையில் ஒதுங்கியதால் அதை மட்டும் தனித் தொட்டிக்கு மாற்றினேன். வயிற்றின் பின்பக்கத்தில் இருக்கும் கறுத்த சினைப்புள்ளி நாளுக்கு நாள் பெரிதாகி, வயிறு பக்கவாட்டில் பெட்டி மாதிரி ஆனது. ஒரு நாள் காலையில் குஞ்சு வர ஆரம்பித்தது. தலையும் வாலும் தொட்டுக்கொள்கிற மாதிரி மடங்கி ஒரு சிறு உருண்டையாக வரும், கீழே விழத் தொடங்கும், பாதியிலேயே நிமிரும், நிமிர்ந்த மறுநொடி செடிக்குள் பாய்ந்துவிடும். உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண். பிறந்த கணத்திலேயே எதிலிருந்து தப்பவேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது, ஏனென்றால் முதல் ஆபத்து தாய்தான். நிமிரத் தாமதித்த ஒன்றிரண்டை அது திரும்பி விழுங்கியதையும் பார்த்தேன்.

அது பெரிய ஆச்சரியம் இல்லை, இந்தக் குடும்பத்து மீன் வளர்ப்பவர்கள் எல்லோரும் பார்ப்பதுதான். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அப்புறம் நடந்தது. குஞ்சுகளை எடுத்துவிட்டேன், தொட்டியில் அந்தப் பெண் மட்டும்தான், ஆண் வாசனையே கிடையாது. ஒரு மாதம் போல ஆனதும் மறுபடி வயிறு பெட்டியானது, மறுபடி குஞ்சு. ஒருமுறை வாங்கிய விந்தை உள்ளே சேமித்து வைத்து மாதக்கணக்கில் பயன்படுத்தும் திறன் இவற்றுக்கு உண்டு என்று படித்திருந்தேன், ஒரே பிரசவத்தில் பல தகப்பன்களின் குஞ்சுகள் கலந்திருப்பதும் சகஜம் என்று தெரியும். ஆனால் படிப்பது வேறு, கண்முன்னால் ஆணே இல்லாத தண்ணீரில் குஞ்சு நிமிர்ந்து ஓடுவதைப் பார்ப்பது வேறு. கண்ணாடிக்குப் பின்னால் ஒற்றை மீன் என்று நான் நினைத்தது ஒற்றை மீன் இல்லை, அதற்குள் ஒரு சிறு கூட்டம் இருந்தது. இந்த நினைப்பு பின்னால் டெக்சாஸ் கதையைப் படிக்கும்போது திரும்ப வந்தது, அதற்கு வருகிறேன்.

வாளியில் ஏறியவை

அஃபினிஸும் ஹோல்புரூக்கியும் உலகம் சுற்றிய கதை எல்லோருக்கும் ஓரளவு தெரிந்ததுதான், அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1905ல் டெக்சாஸ் கடலோரத்திலிருந்து ஹவாய்க்கு. 1920களின் தொடக்கத்தில் ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும், அங்கிருந்து கருங்கடல் கரைக்கு. 1925ல் ஆஸ்திரேலியா. 1928ல் இந்தியா. 1930ல் நியூசிலாந்து. கருங்கடல் பக்கத்தில் சோச்சியை ஒட்டிய அட்லரில் இந்த மீனுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள், அந்தச் சதுப்பு நிலத்தில் மலேரியா ஒழிந்ததற்கு நன்றியாக. உலகம் சுற்றிய இரண்டில் ஒன்றான அஃபினிஸை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நூறு மோசமான அந்நிய உயிர்கள் பட்டியலிலும் வைத்திருக்கிறார்கள்.

இதை அனுப்பியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலேரியாவில் ஊரே படுத்துக்கிடந்த காலம், பூச்சிமருந்து கைக்கு வராத காலம், ஒரு வாளித் தண்ணீரில் தானாகப் பெருகும் மருந்து ஒன்று கிடைக்கிறது என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? பிரச்சினை அது வேலை செய்ததா என்று திரும்பிப் பார்க்காமல் அடுத்த வாளியையும் அதற்கடுத்த வாளியையும் அனுப்பிக்கொண்டே இருந்ததுதான். மூடிய தொட்டி, சிறு குட்டை மாதிரி வேறு இரை இல்லாத இடத்தில் இது கொசுப்புழுவைத் தின்னும், அதை மறுக்கவில்லை. குளத்தில் விட்டால் கதை வேறு. வாய்க்குக் கிடைத்ததைத் தின்னும் மீன் இது, நீரில் மிதக்கும் நுண்ணிய ஓட்டுயிர்கள், பூச்சிகள், மற்ற மீன்களின் முட்டை, குஞ்சு, எல்லாம் அதற்கு இரைதான். கொசுப்புழுவைத் தின்னும் பூச்சிகளையும் சேர்த்துத் தின்றுவிடும். 1972ல் ஹர்ல்பர்ட்டும் உடன் வேலை செய்தவர்களும் சயன்ஸ் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். செயற்கைக் குட்டைகளில் சிலவற்றில் மட்டும் கம்பூசியாவை விட்டுப் பார்த்தபோது, பாசியை மேயும் நுண்ணிய ஓட்டுயிர்கள் சரிந்து, பாசி பெருகி, தண்ணீரின் தெளிவே போய்விட்டது. கொசுவுக்காக விட்ட மீன் தண்ணீரின் நிறத்தையே மாற்றிவிடுகிறது என்றால், அந்தத் தண்ணீரில் வேறு என்னவெல்லாம் மாறியிருக்கும்!

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் எட்ஜ்பாஸ்டன் என்ற இடத்தில் வறண்ட நிலத்தின் நடுவே சில ஊற்றுகள் உண்டு, பல இடங்களில் கணுக்கால்கூட நனையாத ஆழம். அதில் மூன்று சென்டிமீட்டர் வளரும் ஒரு மீன், சிவப்புத் துடுப்பும் நீலக் கண்ணும் கொண்டது, 1990ல்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியவந்தது. ஹோல்புரூக்கி ஏற்கனவே அந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தது. ஒரு மழையில் நிலமெல்லாம் தண்ணீர் பரவினால் போதும், ஒரு ஊற்றிலிருந்து அடுத்த ஊற்றுக்கு அது போய்விடும், போன இடத்தில் நீலக்கண் மீன் ஒவ்வொன்றாக மறைந்தது. இப்போது ஊற்றைச் சுற்றித் தடுப்பு வைத்தும், மீன்களை வேறு ஊற்றுகளுக்கு மாற்றியும் காப்பாற்றப் பார்க்கிறார்கள். இதே ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு, கம்பூசியாவின் சொந்த ஊர் எதிரியான பெரியவாய் பாஸ் மீனைப் போல ஒரு ரோபோ மீனைச் செய்து தொட்டிக்குள் நீந்தவிட்டுப் பார்த்தது. ரோபோவைப் பார்த்த கம்பூசியாக்கள் பயத்தில் இளைத்தன, ஆண்களுக்கு விந்தணு குறைந்தது. ஆய்வகத்தில் நடந்தது அது, ஊற்றில் நடக்குமா என்பது வேறு கேள்வி. வாளியில் கொண்டுபோய் விட்டதைத் திரும்ப எடுக்க என்னவெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.

ஒரே வெப்பத்தில் ஓடும் நீர்

இந்தக் கதையில் கம்பூசியா எப்போதும் வெளியிலிருந்து வந்த திருடன். அதன் சொந்த ஊரில் அதன் சொந்தக்காரர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்தால்தான் எல்லாம் குழம்புகிறது.

டெக்சாஸின் மேற்கில், ரியோ கிராண்டே ஆறு வளைந்து போகும் இடத்தில் பிக் பெண்ட் தேசியப் பூங்கா இருக்கிறது. பாலைவனம். ஆற்றங்கரையில் சில வெந்நீர் ஊற்றுகள், வெந்நீர் என்றால் கொதிநீர் இல்லை, குளிர்காலத்திலும் வெதுவெதுப்புக் குறையாத நீர். 1928ல் போக்கியாஸ் என்ற ஊற்றில் பிடித்த மீன்களை வைத்து, அடுத்த ஆண்டு கார்ல் ஹப்ஸ் ஒரு புது கம்பூசியா இனத்தை விவரித்தார். உடம்பில் மஞ்சள் சாயல், கண்ணுக்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை. 1954ல் பார்த்தபோது போக்கியாஸ் ஊற்று வற்றிப்போயிருந்தது, அங்கே அந்த இனம் முடிந்தது. பக்கத்தில் இன்னொரு ஊற்றில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதிலும் அஃபினிஸ் வந்து சேர்ந்தது.

இரண்டையும் அருகருகே வைத்தால் பழகாத கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒன்று குளிரும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் ஆறு, குட்டை, வாய்க்கால் எல்லாவற்றிலும் பிழைக்கும், கிட்டத்தட்ட உறையும் நீரிலிருந்து நாற்பது டிகிரியைத் தொடும் நீர் வரை தாங்கும். இன்னொன்று வருஷம் முழுக்க ஒரே வெப்பத்தில் ஓடும் அந்த ஊற்றுநீருக்கென்றே ஆன மீன். ஊற்று நன்றாக ஓடும் வரை, தன் வீட்டில் அது அஃபினிஸுக்கு ஈடுகொடுக்கும். ஊற்று மெலிந்து, நீர் தேங்கி, குளிரில் குளிர்ந்து வெயிலில் சுட ஆரம்பித்தால், அது அஃபினிஸின் வீடாகிவிடும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதை முழுக்கப் புரிந்துவிடும். அஃபினிஸ் வந்து அந்த மீனைத் தோற்கடித்தது என்பதைவிட, தண்ணீர் முதலில் கட்சி மாறியது என்பதுதான் சரி.

1950களின் நடுவில் மீட்க முயன்றபோது ஊற்றில் கைக்குக் கிடைத்தது கொஞ்சம்தான், அதிலும் பல செத்துப்போய், கடைசியில் உலகத்தில் அந்த இனம் என்று மிஞ்சியது மூன்று. இரண்டு ஆண், ஒரு பெண். அந்த மூன்றையும் பூங்காவுக்குள் ஊற்றுநீர் பாயும் ஒரு குளம் அமைத்து விட்டார்கள். பெருகியது. அப்புறம் அந்தக் குளத்துக்குள்ளும் அஃபினிஸ் புகுந்தது, இந்த மீனை மட்டும் பொறுக்கி எடுத்து, குளத்தை அஃபினிஸ் இல்லாமல் துடைத்து, திரும்பக் கொண்டுவந்து விடவேண்டியிருந்தது. கார்ல் ஹப்ஸின் மகன் கிளார்க் ஹப்ஸும் மீன் ஆராய்ச்சியாளர்தான், அப்பா பெயர் வைத்த மீனின் நிலைமையை மகன் பல காலம் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார். 1967ல் அமெரிக்கா முதல்முறையாக வெளியிட்ட அழிவாபத்து உயிரினப் பட்டியலில் இந்த மீனும் இருந்தது. இன்றைக்கு இருக்கும் ஒவ்வொரு பிக் பெண்ட் கம்பூசியாவும் அந்த மூன்றின் வாரிசு.

இதைப் படித்த அன்று நான் சந்தோஷப்பட்டேனா கவலைப்பட்டேனா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. ஒரே ஒரு தாய். இன்று இருக்கும் அத்தனை மீனும் ஒரே பெண்ணின் வழி, வேறு தாய்வழியே கிடையாது. இவ்வளவு சுருங்கிய ஒரு இனம் ஒரு நோய்க்குத் தாங்குமா, நீர் கொஞ்சம் மாறினால் தாங்குமா? இது ஒரு இனம் பிழைத்ததா, இல்லை ஒரு குடும்பம் பிழைத்ததா? சரி என்று மூடி வைத்துவிட்டேன், ஆனால் கேள்வி மூடவில்லை. அப்புறம் ஒரு நாள் அந்தத் தனித்தொட்டிப் பெண் மீன் நினைவுக்கு வந்தது. மூன்று மீன் என்று எழுதியிருக்கிறார்கள், கையில் எண்ணினால் மூன்றுதான். ஆனால் அந்தப் பெண் ஊற்றிலிருந்து வந்தது. அங்கே செத்துப்போன ஆண்களில் எத்தனை ஆணின் விந்தை அது உள்ளே சுமந்து வந்திருக்குமோ! முதல் பிரசவத்தில், இரண்டாம் பிரசவத்தில் வந்த குஞ்சுகளுக்கு, குளத்தில் விட்ட அந்த இரண்டு ஆண்களைத் தவிர, பிடிபடாமலே போன வேறு தகப்பன்களும் இருந்திருக்கலாம். இதை நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை, என் யூகம்தான். ஆனால் இந்த மீன்களின் உடம்பு வேலை செய்யும் விதத்தைப் பார்த்தவன் என்ற முறையில், அந்த மூன்றை வெறும் மூன்றாக என்னால் எண்ண முடியவில்லை. முட்டையிடும் ஒரு மீனாக இருந்திருந்தால், இரண்டு ஆண் ஒரு பெண் என்றால் அந்தக் கணக்கு அத்தோடு முடிந்திருக்கும். குட்டி போடும் மீன் என்பதால் அந்த வாளியில் கண்ணுக்குத் தெரியாத சிலரும் ஏறிவந்திருக்க வாய்ப்பிருக்கிறது. நான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு அணைகள்

மூன்று மீனிலிருந்து ஒரு இனத்தை மீட்க முடிந்தது என்றால், தொட்டியில் நிறைய மீன் வைத்திருந்தால் எந்த இனத்தையும் காப்பாற்றிவிடலாம் என்று தோன்றும். அதே டெக்சாஸில், அதே ஆற்றின் ஓரத்தில் நடந்த இன்னொரு கதை அந்த நம்பிக்கையைத் தவிடுபொடியாக்கிவிடுகிறது.

குட்இனஃப் என்று ஒரு ஊற்று, டெக்சாஸின் மிகப்பெரிய ஊற்றுகளில் ஒன்று. ரியோ கிராண்டேயில் அமெரிக்காவும் மெக்சிகோவும் சேர்ந்து அமிஸ்டாட் அணையைக் கட்டின, 1969ல் அணை முடிந்தது, நீர்த்தேக்கம் ஏறி ஏறி அந்த ஊற்றின் தலைக்கு மேல் போய்விட்டது. ஊற்றுக்கும் ஆற்றுக்கும் நடுவிலிருந்த அந்தச் சிறு ஓடையில் மட்டும் வாழ்ந்த ஒரு கம்பூசியா இருந்தது. மூழ்குவதற்கு முன்னால் சில மீன்களைப் பிடித்து வளர்ப்பில் வைத்தார்கள். அந்த இனத்துக்கு முறையாகப் பெயர் வைத்து விவரித்ததே 1973ல்தான், அதாவது அது வாழ்ந்த ஓடை தண்ணீருக்கடியில் போய்ச் சில ஆண்டுகள் கழித்து. 1980ல் அழிவாபத்துப் பட்டியலில் சேர்த்தார்கள். 1987ல் அழிந்துவிட்டது என்று எடுத்துவிட்டார்கள். வளர்ப்பில் இருந்த கூட்டங்களில் அஃபினிஸ் கலந்துவிட்டது, கொஞ்சம் இனக்கலப்பில் கரைந்தது, கொஞ்சம் இரையாகவே போனது. ஒரு ஊற்றுக்குள் இருந்து பிடித்துப் பத்திரமாக வைத்த மீன், ஆராய்ச்சியாளர்களின் கையிலேயே, யாரும் சத்தமாகக் கவனிக்கும் முன்னால் இன்னொரு மீனாக மாறிப்போனது. இந்த ஒரு வரியை நான் படித்தபோது உண்மையிலேயே துக்கமாக இருந்தது, காரணம், மீன் இருந்தது, தண்ணீரும் இருந்தது, நீந்திக்கொண்டும் இருந்தது, ஆனால் அந்த மீன் இல்லை.

டெக்சாஸின் சான் மார்க்கோஸ் ஆற்றின் தலைப்பகுதியில் இருந்த கம்பூசியா கதையும் ஏறத்தாழ இதேதான். துடுப்பில் எலுமிச்சை மஞ்சள், ஊற்றுநீர் மெதுவாக நகரும் ஒரு சிறு பகுதிதான் அதன் உலகம். 1969ல் விவரித்தார்கள், 1983க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை, 2023ல் அழிந்ததாக அறிவித்தார்கள். அதையும் வளர்ப்பில் பெருக்கப் பார்த்தார்கள், அதிலும் அஃபினிஸ் கலப்புதான் குறுக்கே வந்தது.

அப்படியானால் பிக் பெண்டில் மட்டும் மீட்பு எப்படி நடந்தது? எனக்குத் தோன்றும் காரணம், அங்கே மீனோடு தண்ணீரையும் சேர்த்துக் காப்பாற்றினார்கள் என்பது. குளத்தில் ஓடியது அந்த ஊற்றின் நீர், ஒரே வெப்பத்தில். அந்த நீரில் இந்த மீனுக்கு ஒரு கை ஓங்கியிருக்கும். சாதாரண தொட்டியில் அப்படி எந்தச் சாதகமும் இல்லை, ஒரே ஒரு சினை அஃபினிஸ் தவறி உள்ளே விழுந்தால் போதும், அதுவே ஒரு சிறு கூட்டம் என்று மேலே சொன்னேனே. பிக் பெண்டுக்குப் பெரும் உதவியாக இருந்திருக்கக்கூடிய அதே உடலமைப்புத்தான் இங்கே கெடுத்தது. எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே குணம் மீட்பாகவும் வருகிறது, நாசமாகவும் வருகிறது, அதனால்தான் இந்த மீனை நல்லது கெட்டது என்று பிரிக்கும் பேச்சு எனக்கு அலுத்துவிட்டது.

நீரும் மீனும் எவ்வளவு நெருக்கமாக ஒட்டிக்கொள்கின்றன என்பதற்கு இந்தப் பேரினத்திலேயே எத்தனையோ சாட்சி. மெக்சிகோவின் தபாஸ்கோவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் கந்தக ஊற்று ஒன்றில், பெரும்பாலான மீன்கள் செத்துவிடும் நச்சுநீரில், அதற்கென்றே ஒரு கம்பூசியா வாழ்கிறது. பஹாமாஸில் ஆண்ட்ரோஸ் தீவில் நீலக்குழிகள் என்று சொல்லும் ஆழமான நீர்க்குழிகளில் ஒரே கம்பூசியா இனம் தனித்தனியாகப் பிரிந்து கிடக்கிறது. வேட்டை மீன் இருக்கும் குழியில் அதன் வால்பகுதி தடித்து, சட்டென்று பாய்ந்து தப்பும்படி இருக்கும், ஆண்களின் கொனோபோடியமும் சிறியது. வேட்டை மீன் இல்லாத குழியில் எல்லாம் தலைகீழ். பார்க்க ஒன்று போலவே இருக்கும் சாம்பல் நிற மீன்கள் என்று நாம் ஒதுக்குவது, உண்மையில் ஒவ்வொரு குழியும் ஒவ்வொரு ஊற்றும் தன் மீனைச் செதுக்கி வைத்திருப்பது. அழியும்போது போவது அந்தச் செதுக்கல்.

எந்தச் சிக்கலும் எளிதாகத் தீராது என்பதற்குக் கடைசியாக ஒன்று. டெக்சாஸின் மெனார்ட் மாவட்டத்தில் கிளியர் க்ரீக் என்ற ஓடையின் தலையில் ஒரு ஊற்றுக்கூட்டம். கிளார்க் ஹப்ஸ் 1957ல் விவரித்த ஒரு கம்பூசியா அங்கே மட்டும்தான் இருக்கிறது. ஊற்றுக்குக் கொஞ்சம் கீழே, பழைய காலத்தில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரு சிறிய அணை. கட்டியவர்களுக்கு இந்த மீன் இருப்பதே தெரியாது. ஆனால் அந்த அணைதான் மேலே ஊற்றுநீர், கீழே வெயிலுக்கும் குளிருக்கும் மாறும் நீர் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது, கீழே அஃபினிஸ், மேலே இது. காலம் போகப் போக அணை அரித்துப்போய் ஓட்டை விழுந்ததும் அஃபினிஸ் மேலே ஏறியது, இரண்டுக்கும் இடைப்பட்ட கலப்பு மீன்கள் தென்பட ஆரம்பித்தன. 1979ல் அணையைச் சரிசெய்தார்கள்.

ஆற்றைத் தடுக்கும் எதுவும் மீனுக்குக் கெடுதல் என்று நம்பி வந்தவன் நான், அமிஸ்டாட் கதை அதை உறுதிப்படுத்தியது. கிளியர் க்ரீக்கில் அணையை இடித்துவிடுங்கள், ஓடை இயல்பாக ஓடட்டும் என்று யாராவது நல்ல எண்ணத்தோடு சொன்னால், அந்த நல்ல எண்ணமே ஒரு இனத்தை முடித்துவிடும். அங்கே இப்போது தேவை அந்தச் சுவரை ஒழுங்காகப் பராமரிப்பதும், மேலே பிடிக்கும் மீனில் கலப்பு இருக்கிறதா என்று அவ்வப்போது தெரிந்த கண்ணோடு பார்ப்பதும்தான். அந்தக் கண் இருக்கிறவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இல்லை. கம்பூசியா விடலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு வேண்டாம் என்ற பதில் மாறவில்லை, ஆனால் இப்போதெல்லாம் அதோடு நிறுத்தாமல் பிக் பெண்ட் கதையையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுகிறேன், கேட்பவருக்கு நேரம் இருந்தால் கிளியர் க்ரீக்கையும்.